கண்ணங்குறிச்சி வீடும் காணாமல் போன 75 சதுர அடியும்

ஜூன் 9, 2024, ஞாயிறு

சேலம் பக்கத்தில் கண்ணங்குறிச்சியில் பார்த்த வீடு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தெரு தெற்கே. பின்வாசலில் நின்றால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரிகிறது. அத்தை கிணற்றை எட்டிப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார்.

வீடு பழசு, அதற்குப் பெரிதாக விலை போடவில்லை. மனைக்குத்தான் விலை: சதுர அடி 3,000 ரூபாய், மொத்தம் 2,400 சதுர அடி. வீட்டுக்கார அய்யா பாகப்பிரிவினைப் பத்திர நகல் கொடுத்தார். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் தெருவை ஒட்டி ஆளுக்கு 40 அடி, உள்ளே 60 அடி. இவர் பங்கு மேற்கு ஓரம். அதைத் தாண்டினால் ஓடை.

ஜூன் 11, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இணையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். கூட்டுப் பட்டா, மூன்று பெயரும் இருக்கிறது. பரப்பு என்ற இடத்தில் 0 - 06.62 என்று போட்டிருக்கிறது. முதலில் வருவது ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடியும் கொஞ்சமும். சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்று சேலத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஏரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

6.62 ஏரைச் சதுர அடியாக்கினால் 7,125 வருகிறது. பத்திரப்படி மூன்று 2,400 சேர்ந்தால் 7,200 வர வேண்டும். 75 குறைகிறது.

"ரவுண்டு பண்ணியிருப்பாங்க, விடு" என்றார் என் கணவர். இரண்டு தசமம் வரை எழுதுகிறவர்கள் எதை ரவுண்டு பண்ணுவார்கள்?

ஜூன் 15, சனி

அப்பாவின் நண்பர் ஒருவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். எஃப்.எம்.பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படத்தை, அதாவது ஒரு சர்வே எண்ணில் உள்ள நிலத்தின் (புலத்தின்) அரசு அளவுப் படத்தை, அச்செடுத்து அவரிடம் கொண்டு போனேன்.

"இதுல வீட்டைத் தேடாதே கண்ணு. சுவரு, மரம் எதுவும் இருக்காது. கோடும் கல்லும்தான்."

சின்னச் சின்ன வட்டங்கள் எல்லைக் கற்கள். அவற்றுக்கு நடுவே குறுக்காக ஓடும் கோடுகளை நான் யாருடைய எல்லையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லை இல்லையாம். புலத்தை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளப்பதற்குப் போட்டவை. மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் அசையாது, அதனால்தான் கல் காணாமல் போனாலும் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிகிறது என்றார். பக்கத்தில் இருக்கும் எண்கள் மீட்டர். பழைய படமாக இருந்தால் லிங்க். 100 லிங்க் ஒரு சங்கிலி, அது 66 அடி. 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். மாமாவுக்கு இன்னும் லிங்க்கில்தான் மனக்கணக்கு ஓடுகிறது.

அண்ணன் தம்பிகளுக்கு நடுவே படத்தில் ஒரு கோடுகூட இல்லை. "அவங்க பத்திரத்துல பிரிச்சுக்கிட்டாங்க. தாலுகா ஆபீஸ்ல உட்பிரிவு பண்ணலை. சர்க்கார் கணக்குல இன்னும் ஒரே துண்டு."

அப்புறம் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். தெற்குப் பக்கம் 36.58 மீட்டர், அது 120 அடி. வடக்குப் பக்கம் 35.81, அதாவது 117½ அடி. ஓடை இருக்கும் மேற்குக் கோடு மேலே போகப் போக உள்ளே சாய்கிறது. தெருப் பக்கம் மட்டும் டேப் பிடித்துவிட்டு, பின்னாலும் அதே 120 இருக்கும் என்று மூன்றாக வகுத்துப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். கிழக்கே இருக்கும் இருவரும் முழு 40 அடிக்கும் வீடு கட்டி முடித்தாயிற்று. மிச்சம் எவ்வளவோ அதுதான் மேற்கு ஓரத்துக்காரருக்கு.

ஜூலை 10, புதன்

இன்று அரசு சர்வேயர் வந்து அளந்தார். விண்ணப்பம் உரிமையாளர் பெயரில்தான் போட முடியும், அதனால் அய்யாதான் போட்டிருந்தார். பக்கத்து இடத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. முருங்கை மரத்தடியில் மண்ணைத் தோண்டியதும் ஒரு கல் கிடைத்தது. வடமேற்குக் கல் இல்லை. பக்கத்துப் புலத்தின் கல்லிலிருந்து அளந்து வந்து அந்த இடத்தைக் குறித்தார். குறித்த இடம், ஓடை ஓரத்துச் சுவரின் மூலையிலேயே விழுந்தது. சுவர் சரியான கோட்டில்தான் நிற்கிறது.

எனக்கு அது நிம்மதி. அய்யாவுக்கு இல்லை. "அந்தச் சுவரை ரெண்டரை அடி தள்ளிக் கட்டிக்கலாம்ங்க, சரியா 40 வந்துரும். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். என் கணவர்கூட ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

அந்தப் பக்கம் ஓடைப் புறம்போக்கு, அதற்குத் தனிப் புல எண். இந்த வட்டாரத்து மழைத்தண்ணீர் மலையிலிருந்து இறங்கி மூக்கனேரிக்குப் போவது இப்படிப்பட்ட ஓடைகளில்தான். இப்போது வெயிலில் காய்ந்து கிடக்கிறது, ஐப்பசியில் வந்து பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக அனுபவித்தால் நமக்குச் சொந்தம் என்ற பேச்சும் வந்தது. 12 வருடக் கணக்கெல்லாம் தனியார் நிலத்துக்கு. அரசு நிலம் என்றால் சட்டம் 30 வருடம் கொடுக்கிறது. அதுவும் நீர்நிலையில் கட்டியதை இடிக்கச் சொல்லித்தான் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வழக்காகப் போகிறது.

ஜூலை 14, ஞாயிறு

அறிக்கை கைக்கு வந்துவிட்டது. சர்வே அறிக்கை என்றால் "வாங்கலாம், வாங்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும் என்று அத்தை நினைத்திருந்தார். அப்படி எதுவும் இல்லை. எந்தப் படத்தை வைத்து அளந்தார்கள், எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார்கள், படத்து அளவு என்ன, தரையில் அளவு என்ன என்பதுதான் விஷயம். நான் முதலில் பார்த்தது எந்தக் கல் என்பதை. சுவரிலிருந்து அளந்து கொடுக்கும் தனியார் வரைபடங்களும் உண்டு. அழகாகக் கலர் போட்டு இருக்கும், ஆனால் சுவர் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பு.

இடம் யாருடையது என்று இதில் தேடக் கூடாது. அதற்கு மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் இருக்கிறது. சேலம் மாநகருக்குள் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதையே வேறு. ஃபேர்லேண்ட்ஸ் சின்னம்மா வீட்டுக் காகிதத்தில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்றுதான் இருக்கிறது.

நம் மனைக்குக் கணக்கு: தெற்கே 40, வடக்கே 37½, உள்ளே 60. தெற்கையும் வடக்கையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 60ஆல் பெருக்கினால் 2,325.

ஜூலை 26, வெள்ளி

75 சதுர அடிக்கு 2,25,000 ரூபாய். அய்யா இரண்டு நாள் பேசவே இல்லை. கோபம் எங்கள் மேல் இல்லை, அண்ணன்கள் மேல். அது அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்து. கடைசியில் விலையைக் குறைக்கச் சம்மதித்துவிட்டார்.

"பணத்தைக் குறைச்சுக்கங்க, பத்திரத்துல மட்டும் பழையபடி 2,400னே இருக்கட்டுமே, உங்களுக்கும் நல்லதுதானே" என்று வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். வக்கீல் ஒன்றும் சொல்லாமல் சொத்து விவரத்தில் 2,325 என்று எழுதி, நான்கு பக்க அளவையும் மீட்டரில் போட்டு, மேற்கு எல்லை ஓடைப் புறம்போக்கு என்று சேர்த்தார்.

முன்பணம் மட்டும் கொடுத்திருக்கிறோம். உட்பிரிவு செய்து அய்யா பெயரில் தனிப் பட்டா வந்த பிறகுதான் கிரயம். அதற்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பெரிய அண்ணன் கையெழுத்துப் போட ஆடி முடியட்டும் என்கிறாராம்.