உழவர் சந்தையில் ஒரு காலை

இத்தனை ஆண்டுகள் கடலூரில் குடியிருந்தும், உழவர் சந்தைக்குள் இன்றுதான் முதன்முறையாக நுழைந்தேன். 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம். இடைத்தரகர் கிடையாது, அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே விற்கிறார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். பேரம் பேசியே பழகிய எனக்கு அந்தப் பலகை கொஞ்சம் ஏமாற்றம்தான்!

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பலாப்பிஞ்சு வைத்திருந்தார். காம்பில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. எப்படி நறுக்குவது என்று கேட்டேன். "கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள் தம்பி, இல்லாவிட்டால் பிசுக்குப் போகாது" என்றார். பக்கத்துக் கடைக்காரர் குறுக்கிட்டு, தேங்காய் எண்ணெய்தான் சரி என்றார். இருவரும் வாதாடத் தொடங்க, என் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

கத்தரிக்காயின் காம்பில் முள் குத்தியது. கடையில் வாங்கும் வாடல் காயில் இதை மறந்தே போயிருந்தேன். முளைக்கீரையில் மண் அதிகம். மூன்று தண்ணீராவது அலச வேண்டும். அது ஒன்றும் குறையில்லை.

போகிறவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறியபின் மிஞ்சுவது முற்றிய வெண்டைக்காய்தான். துணிப்பை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்குத் தனிப்பை அவசியம்.

பலாப்பிஞ்சுக்கு எந்த எண்ணெய் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதியம் சமைக்க வேண்டும்.