கோணேசர் மலையடியில் ஒரு காலை

திருகோணமலையின் கோணேசர் மலைப் பாறையில் காலை வெயில் படும்போது, அதைத் தீட்ட மஞ்சள் மட்டும் போதாது. கொஞ்சம் சிவப்பு, ஓரத்தில் ஊதா நிழல். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் இங்கே விறுவிறென்று ஏறிவிடுகிறது. நீர்வர்ணம் காய்வதற்குள் நிழல் இடம் மாறிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் மொனே, ரூவான் நகரத் தேவாலயத்தை 30க்கும் மேற்பட்ட தடவை தீட்டினார். வெளிச்சம் மாறினால் ஒரு கான்வஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். வசதியான மனிதர்! என்னிடம் இருப்பது ஒரே தாள். போதாததற்கு இங்குள்ள கோட்டையில் திரியும் மான்கள் வந்து பையை முகர்கின்றன.

"கடலுக்கு நீலம் அடிக்கலாமே, தம்பி?" என்கிறார் அர்ச்சனைத் தட்டு விற்கும் ஐயா.

உச்சி வெயிலில் நீலம்தான் ஐயா. விடியலில் அது ஈய நிறம்.

முடிந்ததும் இங்கே பதிவிடுகிறேன். நீலம் தேடுபவர்கள் பொறுத்தருள்க.