சாரல் காலத்தில் லேக்கர்: மிக்-21க்கு வெள்ளி பூசிய அனுபவம்

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைக்குள் நுழையும் காற்று, குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சுகம். காற்றழுத்தத்தால் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ்ஷைப் பிடிக்கிற, என்னைப் போன்ற மாடல் செய்கிறவனுக்கு அது பெரும் தொல்லை. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலையில் மழை கொட்டுகிறது, இங்கே சாரல்தான். ஆனால் சுவரில் மாட்டிய ஈரப்பதமானி காலையில் 88, 90 என்று நிற்கும். வேகமாக ஆவியாகும் தின்னரில் கலந்து அடிக்கும் லேக்கர் பெயிண்டுக்கு இதைவிட மோசமான பருவம் கிடையாது. சரி, இந்தப் பருவத்திலேயே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

கையில் எடுத்தது மிக்-21 போர் விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல். முடித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம் வரும். 1963இல் நம் விமானப்படைக்குள் வந்து, 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைபெற்ற விமானம். தொடக்க காலத்து மிக்-21கள் பலவும் பெயிண்ட் இல்லாத வெற்று உலோக நிறத்தில்தான் பறந்தன. எனக்கும் அதுதான் வேண்டும். பச்சையும் பழுப்புமாக உருமறைப்பு அடித்தால் பாதிக் குறை மறைந்துவிடும். வெற்று உலோகம் எதையும் மறைக்காது, தூசி ஒன்று ஒட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும். உலோக லேக்கரில் இருப்பது மெல்லிய செதில்கள். பூச்சு மெலிதாக இருப்பதால் அடியில் உள்ளது மேலே தெரியும். கறுப்பு கண்ணாடிபோல் இருந்தால் வெள்ளி உலோகமாகத் தெரியும். கறுப்பு சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த அலுமினிய பெயிண்ட் மாதிரி சாம்பல் பூத்து நிற்கும். ஆக, வேலையில் முக்கால்வாசி கறுப்பில்தான். நான் எடுத்தது மிஸ்டர் கலர் என்ற பிராண்டின் ஜிஎக்ஸ்2 கறுப்பு.

விமானத்தைத் தொடுவதற்கு முன் பிளாஸ்டிக் கரண்டிகளில் சோதனை. சாரல் அடித்த காலையிலேயே, வேண்டுமென்றே. முதல் கரண்டிக்கு ஹார்டுவேர் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் கலந்த கறுப்பு. அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. இரண்டாவதற்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர். ஓரத்தில் லேசான மங்கல், மற்றபடி கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

காரணம் எளிது. தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 25 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதமாக இருந்தால், பரப்பு இரண்டு டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடும். காயாத பெயிண்டுக்குள் நீர் சிக்கி வெளுக்கிறது. அதே 30 டிகிரியில் 65 சதவீதம் என்றால் ஏழு டிகிரி இடைவெளி இருக்கிறது. லெவலிங் தின்னரில் ஆவியாவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்ந்திருப்பதால் பரப்பு அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. பெயிண்டுக்குத் தானாகச் சமமாகப் பரவவும் நேரம் கிடைக்கிறது. லேக்கர் என்றாலே வேகமாகக் காய்வதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். இந்த ஊர் ஆடி மாதத்தில் அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டால்தான் வேலை நடக்கும்.

வெளுத்த முதல் கரண்டியையும் தூக்கிப் போடவில்லை. மதியம் காற்று உலர்ந்த பிறகு வெறும் லெவலிங் தின்னரை மெலிதாக அதன்மேல் ஊதினேன். மேல்படலம் இளகி, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வந்தது.

எங்கள் தெருமுனையில் பஸ், லாரிக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறை இருக்கிறது. அங்குள்ள அண்ணாச்சியிடம் கரண்டிகளைக் காட்டினேன். “தம்பி, இதுக்குத்தான் சாரல் அன்னைக்கு நாங்க ஸ்ப்ரே கன்னைத் தொடுறதில்ல. அவசரம்னா ரிட்டார்டர் ஊத்துவோம், அதுவும் பதினோரு மணிக்கு மேலதான்” என்றார். அவர் கன்னில் பெயிண்ட் வெளிவரும் துளை (நாசில்) 1.4 மில்லிமீட்டர், என்னுடையதில் 0.3. காற்று இரண்டுக்கும் ஒன்றுதானே! அவர் சொன்ன இன்னொன்றும் உதவியது: ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடவேண்டும், விசையை விடுவது பொருளைத் தாண்டிய பிறகுதான்.

மானி 65க்கு இறங்கிய ஒரு மதியத்தில் விமானத்துக்குக் கறுப்பு அடித்தேன். ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு லெவலிங் தின்னர், அழுத்தம் 18 பிஎஸ்ஐ. முதலில் பிடிமானத்துக்கு மெல்லிய தூவல். அப்புறம் ஈரம் மின்னுகிற அளவுக்கு, ஆனால் வழியாத அளவுக்கு, இரண்டு பூச்சு. தள்ளி நின்று அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து மணல்போல் உட்காருகிறது. ஏழெட்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் கண்ணாடி வருகிறது. இறக்கை உடலோடு சேரும் மூலையில் மட்டும் கொஞ்சம் மணல் தங்கியது. 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மறுபடி ஒரு பூச்சு.

கம்ப்ரஸரையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றை அழுத்தினால் தொட்டிக்குள் தண்ணீர் சேராமல் என்ன செய்யும்? அடியிலுள்ள திருகைத் திறந்தால் சாரல் நாட்களில் சீறிக்கொண்டு நீர் வருகிறது. ஒவ்வொரு முறையும் வடித்துவிட்டே தொடங்குகிறேன். காற்றுக் குழாயில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறியும் உண்டு.

என்.சி. தின்னர் இப்போது கன் கழுவ மட்டும். வெறும் பிளாஸ்டிக்கில் ஈரமாகப் பட்டால் பரப்பை அரித்துவிடும். எந்தத் தின்னரானாலும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. துணி மாஸ்க் இதற்கு ஒன்றுக்கும் ஆகாது. பூஜை அறை விளக்கு அணைந்த பிறகே கன்னை எடுக்கவேண்டும் என்பது அம்மா போட்ட விதி. அவருக்கு வாடைதான் பிரச்சினை. இது தீப்பற்றும் ஆவி என்பதால் எனக்கும் அந்த விதி சம்மதம்.

கறுப்பை இரண்டு நாள் காயவிட்டேன். லேக்கர் மேல் லேக்கர் அடித்தால் கீழுள்ளது கரையும். அரைகுறையாகக் காய்ந்திருந்தால் வெள்ளி அதில் மூழ்கிவிடும். பிறகு மிஸ்டர் கலர் சூப்பர் ஃபைன் சில்வர், 12 பிஎஸ்ஐ, மிக மெலிதாக. இங்கே ஈரப்பூச்சு கூடாது. கறுப்பு மறைந்தும் மறையாமலும் இருக்கும்போதே நிறுத்தினேன். மூலை மணல் இருந்த இடம் உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது, ஆனால் உடலின் வளைவில் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக ஓடுகிறது. இந்த விலைக்குக் கிடைத்த வெள்ளிகளில் இதுவே சிறந்தது என்பேன்.

இனி மூக்குக் கூம்புக்கும் வால் நுனிக்கும் பச்சை. அதற்கு வெள்ளியின் மேல் டேப் ஒட்டவேண்டும், இந்த வெள்ளி டேப்போடு உரிந்து வரக்கூடியது. கரண்டியில் ஒட்டிப் பார்த்தேன்: புது டேப் வெள்ளியைத் தூக்கியது, உள்ளங்கையில் நாலு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த டேப் தூக்கவில்லை. ஆகவே உள்ளங்கை டேப்தான், மானி 70க்குக் கீழே இறங்கும் முதல் மதியத்தில்.