இமை மடிப்பு: சியோல் நாட்குறிப்பு

நவம்பர் 18, 2023

கல்லூரி நுழைவுத்தேர்வு வியாழக்கிழமை முடிந்தது. தேர்வெழுதிய அனுமதிச் சீட்டைக் காட்டினால் காங்னாம் பகுதியின் அழகு அறுவை மருத்துவமனைகள் பல கட்டணத்தைக் குறைத்துக்கொள்கின்றன. என் அறைத்தோழியின் தங்கைக்கு, மேலிமையில் மடிப்பை உண்டாக்கும் இரட்டை இமை அறுவையே பெற்றோர் தரும் பரிசு. மேலிமையில் மடிப்பில்லாமல் பிறப்பது கிழக்காசியரிடையே மிகச் சாதாரணம், அதனால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்தப் பெண் காலைதோறும் இமைமேல் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டி, மடிப்பை வரவழைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போய்வந்தாள்.

நவம்பர் 25

மருத்துவர் மெல்லிய கம்பியின் நுனியால் இமையை அழுத்தி, மடிப்பு எந்த உயரத்தில் விழுந்தால் முகம் எப்படித் தெரியும் என்று கண்ணாடியில் காட்டினார். உயரமான மடிப்பு தன் முகத்தில் ஒட்டவில்லை என்று ஒதுக்கிவிட்டு, மூக்கோரம் ஒடுங்கித் தொடங்கும் தாழ்ந்த மடிப்பையே அவள் தேர்ந்தெடுத்தாள். இந்த அறுவையைச் செய்துகொள்பவர்கள் வெள்ளைக்காரரைப் போன்ற கண்ணுக்கு ஆசைப்படுகிறார்கள் என்று எளிதாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு இவளுக்குப் பொருந்தவில்லை. அதற்காக அதை அடியோடு தள்ளவும் முடியாது. ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896-இலேயே தையல் முறையை எழுதிவிட்டார் என்றாலும், கொரியப் போருக்குப் பின் இங்கே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ரால்ப் மில்லார்ட், ஆசியச் சாயலைக் குறைப்பதையே இந்த அறுவையின் நோக்கமாகக் கருதினார்.

மருத்துவரிடம் கழிந்ததைவிட, மருத்துவம் படிக்காத ஆலோசகரிடம் கழிந்த நேரமே அதிகம். கண்ணின் உள்மூலையையும் சேர்த்துத் திறந்துவிடலாம் என்று அவர் வற்புறுத்தியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் அறைத்தோழி மறுத்துவிட்டாள்.

டிசம்பர் 1

இமையை உயர்த்தும் தசையின் நாண் தோலோடு இணைந்திருந்தால், கண் திறக்கும்போது அந்த இடத்தில் தோல் உள்ளிழுக்கப்பட்டு மடிப்பு விழுகிறது. அந்த இணைப்பைத்தான் தையலால் உண்டாக்குகிறார்கள். மெல்லிய இமைக்கு நூலை உள்ளே புதைத்தாலே போதும், ஆனால் நாளடைவில் அது தளரக்கூடும். இவளுக்கு இமைக்கொழுப்பு அதிகம் என்பதால் கீறித்தான் செய்தார்கள். அறுவையின் நடுவே எழுப்பி, கண்ணைத் திறந்து மூடச் சொல்லி, இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார்களாம்.

டிசம்பர் 8

தையல் பிரித்தாயிற்று. வீக்கத்தால் மடிப்பு இப்போது தடித்து, அவள் வேண்டாமென்று ஒதுக்கிய உயரத்திலேயே தெரிகிறது. வடிந்து இறங்கச் சில மாதங்கள் ஆகும் என்கிறார்கள். அவளுடைய அம்மா வீக்கத்துக்கென்று பூசணிச் சாற்றைப் பெட்டி பெட்டியாக அனுப்பியிருக்கிறார்.