கோடு எங்கே என்பதைவிடப் பாடம் எது என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, பள்ளி எல்லை மாறப்போகிறது என்ற பேச்சு வந்துவிட்டால், எந்தத் தெரு உள்ளே, எந்தத் தெரு வெளியே என்பதிலேயே பெற்றோர் கூட்டம் முடிந்துவிடும். அந்தப் பள்ளியில் எத்தனை பேர் மேட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில், கணிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பவர் அபூர்வம். பிள்ளைக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் கோட்டின் கதையை முடித்துவிடலாம். ஃபீடர் சோன், அதாவது ஒரு பள்ளிக்கென வகுத்த குடியிருப்பு எல்லை, வேலி அல்ல, வரிசை. 1998-ஆம் ஆண்டின் தேசியச் சேர்க்கைக் கொள்கைப்படி, எல்லைக்குள் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு முதலிடம். எல்லைக்குள் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த இடம். மற்றவர்களுக்கு, முதலில் வந்தவருக்கு முதலில். முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்யும் தாயின் பிள்ளையும் முதல் வரிசையில்தான் வரும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எல்லைக்கு வெளியே இருப்பவர் விண்ணப்பிக்கவே கூடாது என்று யாராவது சொன்னால் அது தவறு. விண்ணப்பிக்கலாம், இடம் உறுதியில்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பவருக்கும் பள்ளி நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளிதான் காட்டப்படும். அங்கேயும் இடமில்லாமல், நியாயமான தூரத்தில் வேறு பள்ளியும் கிடைக்காவிட்டால், முதல் பள்ளியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி தொடங்கும் எட்டாம் வகுப்புக்கான விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் முகவரிச் சான்றில். ஈதெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் பில் தாத்தா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருக்கும். வீட்டு உரிமையாளரிடம் சத்தியப் பத்திரம் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். பிறப்புச் சான்று, கடைசி ரிப்போர்ட், பழைய பள்ளியின் மாற்றுச் சான்று எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். சேர்க்கைக்காகப் பள்ளி நுழைவுத் தேர்வு வைக்க முடியாது. கட்டணம் கட்ட வழியில்லை என்பதைக் காரணமாகக் காட்டித் திருப்பி அனுப்பவும் முடியாது. இரண்டும் 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலேயே இருக்கின்றன. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாகாணக் கல்வி அமைச்சருக்கு மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் தேவைப்படும். வாய்வார்த்தையாக வந்த "இடமில்லை"யை வைத்து மேலே போவது கடினம்.

யாரிடம் பேசுவது என்பதும் மாறிவிட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி அந்த டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, பள்ளிச் சட்டத்தைத் திருத்திய பேலா சட்டத்துக்குப் பிறகு, சேர்க்கையில் கடைசி வார்த்தை மாகாணக் கல்வித் துறைத் தலைவருடையது. பள்ளி நிர்வாகக் குழுவான கவர்னிங் பாடி சேர்க்கைக் கொள்கையை எழுதலாம், ஆனால் துறை ஒப்புதல் தர வேண்டும். ஆகவே பள்ளி மண்டபத்தில் தலைமையாசிரியரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போடுவதில் பலனில்லை. மனு, பள்ளிகளை மேற்பார்க்கும் சர்க்யூட் அலுவலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் இருந்தவரை எல்லைக் கோட்டை அரசே நிறத்தால் போட்டு வைத்திருந்தது. இன்று கறுப்பினத்தவர் வாழும் பேட்டைகளான உம்லாசியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கும், குவாமஷுவிலிருந்தும் இனாண்டாவிலிருந்தும் ஃபீனிக்ஸுக்கும் பிள்ளைகள் டாக்ஸி ஏறி வருகிறார்கள். எல்லையை இறுக்கிவிட்டால் "நம்ம பிள்ளைகளுக்கு" இடம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது; ஆண்டின் பத்தாவது பள்ளி நாளில் தலை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரிந்தால் பணியிடம் போகும். போகும்போது முதலில் அடிபடுவது குறைந்த பேர் படிக்கும் பாடம்: ஃபிசிக்கல் சயின்ஸ், அக்கவுண்டிங், தமிழ். வசதி வந்ததும் தனியார் பள்ளிக்கோ வேறு பேட்டைக்கோ போய்விட்டவர்களின் இடத்தை நிரப்பி இந்தப் பாடங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் டாக்ஸியில் வரும் அந்தப் பிள்ளைகளும் உண்டு. அவர்களை வெளியே தள்ளும் கோடு உள்ளே இருப்பவர்களின் பாடத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

பாடத் தேர்வு ஒன்பதாம் வகுப்பு முடிவில் வருகிறது. மேட்ரிக்குக்கு ஏழு பாடங்கள்: இரண்டு மொழி, கணிதம் அல்லது மேட்ஸ் லிட் (அன்றாடக் கணக்குப் பாடம்), லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கைத் திறன் பாடம்), விருப்பப் பாடம் மூன்று. மேட்ஸ் லிட் எடுத்தால் பொறியியல், அறிவியல் பட்டம், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் வழி எல்லாம் அடைபடும். கணிதத்திலிருந்து மேட்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது, திரும்ப ஏறுவது நடைமுறையில் நடக்காது, பாடத்திட்டமே வேறு. அக்கவுண்டிங் இல்லாவிட்டால் பி.காம் கிடைக்காது என்று பயப்படுபவர்கள் நிறைய. பல பல்கலைக்கழகங்களில் அது கட்டாயமே இல்லை, கேட்பது கணித மதிப்பெண்ணை. தொழில்நுட்பப் பாடங்களோடு படிக்க 2016-இல் பத்தாம் வகுப்பில் தொடங்கிய டெக்னிக்கல் மேட்ஸைக் கணிதத்துக்குச் சமம் என்று எண்ணிச் சேர்க்காதீர்கள். எந்தப் படிப்புக்கு ஏற்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்திடமே முதலில் கேளுங்கள்.

பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டில் மயங்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் கொஞ்சம் தடுமாறும் பிள்ளையை மேட்ஸ் லிட்டுக்குத் தள்ளினால் விழுக்காடு தானாக உயரும். அடிப்படைக் கல்வித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளிவாரிப் பாட அறிக்கையை எடுத்து, கணிதம் எழுதியவர் எத்தனை, மேட்ஸ் லிட் எழுதியவர் எத்தனை என்று மூன்று ஆண்டுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் தேர்ச்சி என்பது 30 மதிப்பெண். பட்டப்படிப்புக்கான தேர்ச்சிக்கு நான்கு பாடங்களில் 50 வேண்டும், பொறியியல் போன்றவற்றுக்குக் கணிதத்தில் அதைவிட மேலே. எனவே 60-க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை என்று பள்ளியிடம் நேராகக் கேளுங்கள். கால அட்டவணையையும் கேளுங்கள். ஃபிசிக்கல் சயின்ஸும் அக்கவுண்டிங்கும் ஒரே நேரத்தில் நடக்கும்படி ஒரே பத்தியில் இருந்தால், இரண்டும் அந்தப் பள்ளியில் "உண்டு", ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டும் கிடைக்காது.

தமிழ் வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் முன்னதாகவே போட வேண்டும். ஆங்கிலமும் இசிசூலு அல்லது ஆஃப்ரிகான்ஸும் இரண்டு மொழி இடத்தைப் பிடித்துவிடுவதால், தமிழ் மூன்றாவது மொழியாக ஒரு விருப்பப் பாடத்தின் இடத்தில் வரும், இல்லையென்றால் எட்டாவது பாடமாக. வாரத்துக்கு இருப்பது 27.5 மணி நேரம். ஏழு பாடமே அதை முழுக்க எடுத்துக்கொள்ளும். எட்டாவதற்கு வேண்டிய நான்கு மணி நேரம் பள்ளி விட்ட பிறகோ சனிக்கிழமையோதான். வீட்டிலோ கோயில் வகுப்பிலோ படித்துவிட்டுக் கடைசித் தாளை மட்டும் எழுதலாம் என்றால் முடியாது. உள்மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் உண்டு, அவற்றை நடத்த ஆசிரியர் வேண்டும். உயர்நிலையில் எல்லாப் பள்ளியிலும் அந்த ஆசிரியர் இல்லை. பத்தாம் வகுப்பில் சேர்ந்த பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பருவத்திலேயே, எடுக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு நாலைந்து பெற்றோராகப் போய்க் கேளுங்கள்.