ஏலகிரியில் பேட்டரி சைக்கிள்: ஒன்பதாவது வளைவும் அதற்கு மேலும்

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் 74 கிலோ, சைக்கிள் 22, பையும் தண்ணீரும் 4. ஆக 100 கிலோ. பொன்னேரி அடிவாரத்திலிருந்து மேலே ஏலகிரிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். 100 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 163 வாட் அவர் ஆற்றல் போதும். என் பேட்டரி 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர், பெருக்கினால் 280 வாட் அவர். தாராளம். புங்கனூர் ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றது.

ஏலகிரிப் பாதையின் 14 வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் நின்ற வளைவு யாருடையது என்று பலகையைப் பார்க்கும் நிலையில் இல்லை. பாரியுடையதாக இருந்திருந்தால் தேராவது கேட்டிருக்கலாம். பின் சக்கர மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வாழைத்தார் ஏற்றிய மினி வேன்காரர் வேகத்தைக் குறைத்து, "இன்னா சார், சார்ஜ் பூட்ச்சா? கவுறு கட்டி இஸ்துனு போலாமா?" என்றார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். மதில்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் மட்டும்தான் சாட்சி.

வேடிக்கை என்னவென்றால், பாதி மலை இறங்குவதற்குள் டிஸ்ப்ளேயில் காணாமல் போன இரண்டு சார்ஜ் கோடுகள் திரும்பி வந்துவிட்டன. அவை காட்டுவது வோல்டேஜைத்தான். மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் தற்காலிகமாகத் தாழும். ஓய்வு கொடுத்தால் மீளும். அந்தக் கோடுகளைப் பார்த்துச் சார்ஜை நம்புவது, வெந்நீரில் நனைத்த தெர்மாமீட்டரைப் பார்த்துக் காய்ச்சல் சொல்வது மாதிரி.

என் தப்பு என்ன? த்ராட்டில், அதாவது மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் கைப்பிடி முறுக்கு. மேடு வந்ததும் மிதிப்பதைக் குறைத்துவிட்டு முறுக்கிப் பிடித்திருந்தேன். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் 15 ஆம்பியர் வரை விடும். 36 வோல்ட்டில் அது 540 வாட். ஆனால் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது, அதற்குத் தனியாகக் கியர் மாற்ற வழியில்லை. மணிக்கு 7, 8 கிலோமீட்டரில் ஊர்ந்தால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இழுவையாக மாறாமல் சூடாகிறது. கம்பிச் சுருளில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 163 வாட் அவர் என்று நான் போட்ட கணக்கில் இந்தச் சூட்டுக்கு இடமே இல்லை.

நண்பர் ஒருவர் 750 வாட் மோட்டார் போடச் சொன்னார். 250 வாட்டையோ 25 கிலோமீட்டர் வேகத்தையோ தாண்டினால் அது சைக்கிள் இல்லை, மோட்டார் வண்டி. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். அதற்குப் பதில் பழைய பைக்கையே ஓட்டிவிட்டுப் போகலாமே.

மாற்றியது பல்சக்கரங்களை மட்டும்தான். பின்னால் பெரிய சக்கரத்தில் 28 பல் இருந்தது, 34 ஆக்கினேன். முன்னால் 44, அதை 38. முன்பு நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் வண்டி 12 கிலோமீட்டர் வேகத்தில் போயாக வேண்டும். ஏற்றத்தில் அது என் காலுக்கு ஆகாது. இப்போது 9 கிலோமீட்டரிலேயே அதே 60 சுற்று வருகிறது. சைக்கிள் கடைக்காரர் "பேட்டரி வண்டிக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய பல்லு?" என்று கேட்டுக்கொண்டேதான் மாட்டினார்.

இரண்டாவது முயற்சியைச் சொல்லிப் பயனில்லை, நான்காவது வளைவில் மழை.

மூன்றாவது முறை காலை 5.40க்கு ஏறத் தொடங்கினேன். த்ராட்டிலைத் தொடவே இல்லை. மிதிக்கும்போது மோட்டார் உதவுகிற ஐந்து நிலைகளில் இரண்டாவது. சக்கரத்தில் பாதி வேலை என்னுடையது, மீதி மோட்டாருடையது. வளைவுகளில் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும். எதிரே வண்டி இல்லையென்று தெரிந்தால் மட்டும் சற்று வெளிப்பக்கமாக ஒதுங்கி ஏறினேன். ஐந்தாவது, பத்தாவது வளைவுகளில் ஐந்தைந்து நிமிடம் நிறுத்தி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஒன்பதாவதில் நிற்கவில்லை, அது வீம்பு. பதினான்காவதைத் தாண்டும்போது ஒரு மணி இருபது நிமிடம் ஆகியிருந்தது. சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும்.

இந்த வண்டிக்கென்றே அளந்து செய்த இடம் மேலேதான் இருக்கிறது. அத்தனாவூரிலிருந்து நிலாவூர்ப் பக்கம் போகிற சாலை சின்னச் சின்னதாக ஏறி இறங்கும். ஒவ்வொரு மேட்டிலும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். பலா மரங்கள், கொல்லைகள், ஓட்டு வீடுகள், எதுவும் அவசரமாகக் கடந்து போகாத வேகம். ஏரிக்கரை டீயும் ஆயிற்று.

"இறங்கும்போது சார்ஜ் ஏறும் இல்ல?" டீக்கடையில் கேட்டார்கள், எல்லோரும் கேட்கிறார்கள். ஏறாது. என் மோட்டாருக்குள் பல்சக்கரமும் ஒருவழி கிளட்ச்சும் உண்டு. வண்டி உருளும்போது மோட்டார் சுற்றாது. ஏறும்போது சேர்த்த அத்தனை ஆற்றலும் பெரும்பாலும் இரண்டு சின்ன பிரேக் டிஸ்க்குகளில் சூடாகத்தான் போயாக வேண்டும். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கியதில் ஏழாவது வளைவில் கருகல் வாசனை. அப்புறம் வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டையும் அழுத்திப் பிடித்து விடுவது, நேர்ப்பாதையில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிடுவது என்று கீழே வந்து சேர்ந்தேன்.

வீட்டில் பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கத்தது கண்ணாடி மாதிரி பளபளத்தது. உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. புதிது வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிறு, மழை இல்லையென்றால், நிலாவூர் வரை.