குப்பைப் பெட்டியும் சூப்புக் கடையும்

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் திறந்தது 1889 செப்டம்பர் 18. சார்லஸ் ஹல் என்பவர் 1856-ல் கட்டிய பழைய வீட்டில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறி, ஏழை அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்தே அவர்களுக்கு உதவும் நலப்பணி இல்லமாக அதை நடத்தினார்கள். சுற்றிலும் இத்தாலியர், பொஹிமியர், ருஷ்ய யூதர் என வந்தேறிக் குடும்பங்கள். அந்த வீட்டின் புகழ் எல்லாருக்கும் தெரியும். நலப்பணியில் இருப்பவர்களுக்கு உதவுவது அது சறுக்கிய இடங்கள்.

1893-ல் திறந்த சமையற்கூடத்தையே பாருங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாள் முழுக்கத் தையல் கூலிக்கு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் டப்பா உணவு, பிள்ளைகள் கையில் மிட்டாய்க்குச் சில்லறை. இத்தாலியக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று முறையாகக் கணக்கெடுத்தார்கள். பாஸ்டனுக்கு ஒருவரை அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். சூப், ஸ்டூ, எல்லாம் சத்துக் கணக்குப்படி. வாங்கத்தான் எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. சத்தெல்லாம் சரிதான், எனக்குப் பிடித்ததைத்தானே நான் சாப்பிடுவேன் என்றார் ஒரு பெண். புழுங்கல் சாப்பிடும் வீட்டுக்குப் பச்சரிசி போட்ட ரேஷன் கடைக்காரருக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் அதே கட்டடத்தில் வைத்த காபிக் கடையில் கூட்டம் சேர்ந்தது.

இன்னொன்று சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. 1893 பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஒரு குமாஸ்தா உதவி கேட்டு வந்தார். வேலை இருக்கும்போது நிவாரணம் கிடையாது என்பது அன்றைய விதி. கால்வாய் வெட்டும் வேலை இருந்தது. வெளியில் வேலை செய்தால் குளிர்காலத்தைத் தாங்க மாட்டேன் என்று அவர் சொல்லியும் ஆடம்ஸ் விதியைத்தான் சொன்னார். இரண்டு நாள் மண் வெட்டினார், நிமோனியா, ஒரு வாரத்தில் இறந்தார். மனு பார்க்கும் மேசையில் அமர்பவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கதை இது. ஆளின் உடம்பும் பழக்கமும் எந்தப் படிவத்திலும் வருவதில்லை.

குப்பை விஷயத்தில் கண்ணால் பார்த்தே வேலை செய்தார்கள். தெருத் தளத்தோடு சேர்த்து அறைந்த பெரிய மரப்பெட்டிகள்தான் அங்கே குப்பைத்தொட்டி. நிரம்பி வழியும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடும். மகளிர் சங்கத்துப் பெண்கள் மாலையில் சந்து சந்தாக நடந்து குறிப்பெடுத்தார்கள். இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்குப் போன புகார்கள் 1,037. அதிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1895-ல் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே ஆடம்ஸ் டெண்டர் போட்டார். அது தள்ளுபடியானது. ஆனால் ஆண்டுக்கு 1,000 டாலர் சம்பளத்தில் வார்டு குப்பை ஆய்வாளர் பதவி கிடைத்தது. காலை ஆறு மணிக்கு வண்டிகளின் பின்னால் போய் எண்ணினார்கள். ஒன்பது வண்டி பதின்மூன்றாகி, பிறகு பதினேழானது. ஒரு குறுகிய தெருவில் 18 அங்குலம் தோண்டியதும் கல் பாவிய தளம் வந்தது. அப்படி ஒரு தளம் இருப்பது நகராட்சிக் கோப்பில் ஏற்கெனவே இருந்ததாம்!

இப்படி அரசுத் துறைமீதே புகார் எழுத முடிந்ததற்குப் பணம் வந்த வழியும் ஒரு காரணம். வீட்டு உரிமையாளர் ஹெலன் கல்வர் வாடகை வாங்கவில்லை. தனியார் நன்கொடையில்தான் காலம் ஓடியது. அங்கே தங்கி வேலை செய்த ஃப்ளாரன்ஸ் கெல்லியும் மற்றவர்களும் அற்பக் கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்கும் வியர்வைக்கூடத் தொழிலுக்கு எதிரான சட்டத்துக்குப் போராடியபோது, அதைக் கைவிட்டால் 50,000 டாலர் தருவதாக முதலாளிகள் தரப்பில் பேச்சு வந்தது. வேண்டாம் என்றார்கள். 1893-ல் சட்டம் வந்தது.

பிற்காலத்தில் அதே பெயரில் இயங்கிய அமைப்பு பெரும்பாலும் அரசு நிதியை நம்பியிருந்தது. இத்தகைய நிதி பல நேரங்களில் செலவுக்குப் பின்னால்தான் வரும். இடையில் சம்பளம் போடக் கையிருப்பு வேண்டும். 2012 ஜனவரியில் பணமில்லாமல் அது மூடப்பட்டபோது ஏறக்குறைய 300 ஊழியர்கள் இருந்தார்கள். ஹால்ஸ்டெட் தெருவின் பழைய வீடு இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது.